யூரியா சாக்கு போட்ட மூடி

போன ஞாயிற்றுக்கிழமை என் வலது கால் முழங்கால்வரை பூமிக்குள் போய்விட்டது. முழுசாகப் போயிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு இந்தப் பக்கம் காலி!

ஒதியம்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கக்கூஸ் கட்டினேன். அதன் தொட்டிக்கு இரண்டு சிமெண்ட் மூடிகள். முதல் மூடிக்குக் கலவை போடும்போது எட்டிப் பார்த்தால் — மேஸ்திரி என் காலி யூரியா சாக்குகளை நார் நாராக நறுக்கி உள்ளே தூவிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாபா, குப்பையப் போடற?"

"மண்ணு சொவுரு வைக்கசொல்ல சேத்துல வைக்கோலு போட்டு மிதிக்கறோம் இல்ல சார்? அது மாரிதான். வெடிப்பு வுடாம புடிச்சிக்கும்."

"அது வைக்கோலு. இது பிளாஸ்டிக் சாக்குபா!"

"இதுல போட்டாச்சி. இன்னொண்ணுல வேணாம்னா வுட்டுடறேன்."

விட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. காரணம், கிருமாம்பாக்கத்திலிருந்து வரப்போகும் என் மனைவியின் அண்ணன். அவர் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டும் அவருடையதுதான். அந்த உடம்பு சாக்கு மூடியில் கால் வைத்து, உள்ளே போய்... அப்புறம் நான் இந்த வீட்டில் குடும்பம் நடத்த முடியுமா?

சிமெண்ட் இறுகத் தண்ணீர் விட வேண்டும் — எனக்குத் தெரிந்த ஒரே இன்ஜினியரிங். பத்து நாள், மூன்று வேளை, சாக்கு மூடிக்குக் குடம் குடமாக அபிஷேகம். ஈரக் கோணி வேறு போர்த்தினேன்.

"எனக்கு ஜொரம் வந்தப்ப ஒரு டம்ளர் வெந்நி குடுத்தீங்களா?" என்றாள் மனைவி.

இன்னொரு மூடி? அது நல்ல மூடியாயிற்றே! திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெயில் பார்த்துக்கொண்டது.

ஞாயிறு மதியம் மச்சான் சாப்பிட்டுக் கைகழுவப் பின்பக்கம் போனார். நான் முந்திக்கொண்டு ஓடினேன்.

"மச்சான், அதுல கால வைக்காதீங்க, சாக்கு போட்டது! இப்படி வாங்க, இதான் ஸ்ட்ராங்கு!"

சொன்னதோடு விட்டேனா? நல்ல மூடியின் நடுவில் நின்று ஒரு குதி குதித்தும் காட்டினேன்.

மீதியை முதல் வரியிலேயே படித்துவிட்டீர்கள். தொட்டிக்கு இன்னும் திறப்பு விழா நடக்கவில்லை என்பது மட்டும் என் அதிர்ஷ்டம்.

மச்சான் சாக்கு மூடிமேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று, என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். மூடி அசையவில்லை.

"இன்னா மாப்ள, ஸ்ட்ராங்குன்னு சொல்லிட்டு நீங்களே எறங்கிட்டீங்க?"

மறுநாள் மேஸ்திரி வந்தார். என் கால்கட்டைப் பார்க்கவில்லை; உடைந்த துண்டைத்தான் எடுத்துப் பார்த்தார்.

"இதுக்குத் தண்ணியே வுடலியா சார்?"

அந்த மூடியைச் சாக்கு காப்பாற்றியதா, தண்ணீர் காப்பாற்றியதா? அவர் சாக்கு என்கிறார். எனக்கென்னவோ, என் பயம்தான் காப்பாற்றியது என்று தோன்றுகிறது. சந்தேகப்பட்டதற்கு வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறோம். நம்பியதை வெயிலில் விட்டுவிடுகிறோம்.

இந்தத் தத்துவத்தை மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப என்னை ரொம்பத்தான் நம்பறீங்க" என்றாள்.