வீரம்மாவைக் கூப்பிடுங்கண்ணே

பக்கிரிசாமி அண்ணனைச் சும்மா நிற்கிற ஆள் என்று சொன்ன துரைகள் உண்டு. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் ரயில் பாதையில் நாங்கள் பத்துப் பேர் தண்டவாளத்துக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புவோம். அவர் மட்டும் வெறுங்கையோடு எதிரே நின்று பாடுவார்; அதைக் கூப்பிடுவது என்போம். கடப்பாரை பிடித்தறியாத துரை வேறு எப்படிப் பேசுவான்? பத்துப் பேர் பலமும் ஒரே நொடியில் இறங்காவிட்டால் தண்டவாளம் இம்மியும் நகராது. அந்த நொடியைத் தருவது அவர் குரல்தான்.

வெறுமனே ஒன்று, இரண்டு என்று எண்ணினால் வெயிலில் வாடிய உடம்பு கேட்காது. சிரிக்க வைக்க வேண்டும். வேலாயுதத்துக்கு, அதாவது எனக்கு, பெண் கிடைக்காத கதையை அவர் பாட்டில் இழுக்காத நாளில்லை. ஆனால் மிகக் கனமான நெம்பல் வந்தால் மட்டும் தன் மனைவி வீரம்மாவைப் பாட்டில் கூப்பிடுவார்.

"வீரம்மா வச்ச கொழம்பு!"

"ஐலசா!"

"வாயில வைக்க முடியல!"

"ஐலசா!"

"தின்னுட்டு நானே நிக்கிறேன், தூக்குங்கடா!"

சிரிப்போடு சிரிப்பாகத் தண்டவாளம் நகர்ந்துவிடும். குழம்பைப் பற்றிச் சொன்னது அண்டப்புளுகு. நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் லயத்தில் நான் நாலு வருஷம் அந்தக் குழம்பைத்தான் சாப்பிட்டேன். "எம் மானத்த ரயிலேத்தி கிள்ளான் வரைக்கும் அனுப்பிட்டாரு பாரு" என்பார் வீரம்மா அக்கா. சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷ வெள்ளம் வடிந்ததும் லயம் முழுக்கக் காய்ச்சல். அக்கா ஐந்தே நாளில் போய்விட்டார். அடக்கம் செய்த நாலாம் நாளே அண்ணன் வேலைக்கு வந்தார். வெள்ளத்தில் பாதை பல இடத்தில் நகர்ந்து கிடந்தது. துரை எங்கள் மேஸ்திரியான மண்டோர் தம்புசாமியை விரட்ட, மண்டோர் எங்களை விரட்டினார்.

பத்து தீகா ஸ்டேஷன் பக்கத்து வளைவில் ஒரு தண்டவாளம் அசைய மறுத்தது. அண்ணன் மூன்று முறை கூப்பிட்டார். குரலில் உயிரே இல்லை. எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கனமான நெம்பலென்றால் நாங்கள் எப்போதும் அவரிடம் கேட்பதையே யோசிக்காமல் கத்தினேன்.

"வீரம்மாவைக் கூப்பிடுங்கண்ணே!"

கத்திய பிறகுதான் உறைத்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டார், குழம்பு வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல். நாங்கள் ஐலசா போட்டோம். தண்டவாளம் நகர்ந்தது.

மறுநாள் காலையில் அவர் மண்டோர் முன் போய் நின்றார். "எனக்கும் ஒரு கடப்பாரை குடுங்க மண்டோரே. எவ்வளவு வேணும்னாலும் நெம்புறேன். கூப்பிட மட்டும் சொல்லாதீங்க. சிரிக்க வைக்க என்னால முடியல."

தம்புசாமி கெட்டவர் இல்லை. எங்கள் பக்கம் திரும்பி, "யாருடா கூப்பிடுறீங்க? ஒருத்தன் முன்ன வந்தாக்கூட இவர விட்டுடுறேன்" என்றார்.

முன்னால் போக வேண்டியவன் நான். எனக்கு அவர் பாட்டு முழுக்க மனப்பாடம். ஆனால் எதிரே நின்று, ஒவ்வொரு நாளும், மனசு எப்படி இருந்தாலும் பத்துப் பேரைச் சிரிக்க வைப்பதை நினைத்ததும் பயம் வந்துவிட்டது. அதைவிடக் கடப்பாரை சுலபம். தலையைக் குனிந்துகொண்டேன். மற்ற ஒன்பது பேரும் குனிந்தார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பழைய இடத்தில் போய் நின்றார்.

அப்புறம் ஐந்து வருஷம். எங்களுக்கும் பழகிவிட்டது, வெட்கம்கெட்டவர்கள், சிரிக்கவும் செய்தோம். செத்துப்போனவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அந்தப் பாதை நிமிர்ந்தது.

முப்பத்திரண்டில் ஆள் குறைத்து அவரை ஊருக்கு அனுப்பினார்கள். கப்பலுக்காகக் கிள்ளான் ரயிலில் ஏற்றிவிட நான் போனேன். அவர் இடத்தில் இனி நான்தான் கூப்பிட வேண்டும் என்று மண்டோர் சொல்லியிருந்தார். அது அவருக்கும் தெரியும். ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார்.

"வேலாயுதம், இனிமேலாச்சும் அவள விட்டுடுங்கடா."