நேராகப் போன பந்து

முட்டாள்களுக்குப் போட்டி வைத்தால் தகுதிச் சுற்றே ஆடாமல் நான் ஃபைனலுக்குப் போய்விடுவேன். போன வாரம், தொழில்முறை பூல் ஆட்டக்காரன் ஆவதற்காக வேலையை விட இருந்தேன்!

வயது நாற்பத்து மூன்று. மேசைமேல் குனிந்தால் கியூ குச்சிக்கு முன்னால் தொப்பை பந்தைத் தொடும்.

எல்லாம் எங்கள் ஊர் ரெங்கத்தில் வீட்டுப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையால் வந்தது. பின்பக்கம் ஒரு பூல் மேசை உண்டு. வேலை முடிந்தால் நான் அங்கேதான். அடித்தால் பந்து குழிக்குள்! லாயாங் லாயாங்கிலிருந்து வந்தவன், குளுவாங்கிலிருந்து வந்தவன்... யாராக இருந்தாலும் தோற்றுவிட்டு, எனக்கொரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

கடைக்கார மணியம் அண்ணன் வேறு, “தம்பி, நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல லா!” என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அறிவித்தேன்.

“வசந்தி, திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட வேலைய விடுறேன்னு சொல்லப் போறேன். இனி முழு நேரமும் பூல்தான்.”

மனைவி மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: “வேற எங்கயாச்சும் போயி ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சிட்டு வாங்க. அப்புறம் விடுங்க.”

இவ்வளவுதானா?

ஞாயிறு மதியம் செனாயில் ஒரு பூல் சென்டருக்குப் போனேன். ஏசி, பளபளவென்று மேசைகள். எதிரே கண்ணாடி போட்ட ஒரு காலேஜ் பெண். “அங்கிள், நீங்களே ஆரம்பிங்க” என்றாள். பாவம் என்று நினைத்தேன் — அவளை.

அடித்தேன். பந்து நேராகப் போனது.

அதுதான் பிரச்சினை! நான் எப்போதும் குழிக்கு நாலு விரல் தள்ளித்தான் குறி வைப்பேன். பந்து அழகாக வளைந்து உள்ளே விழும். என் கைவண்ணம் என்றே நம்பியிருந்தேன். இங்கே வளையவே இல்லை. அடுத்ததும். அதற்கடுத்ததும்...

எல்லாப் பந்தையும் போட்டு முடித்த பெண், “அங்கிள், கண்ணு செக் பண்ணிப் பாருங்களேன்” என்றாள். கிண்டல் இல்லை, அக்கறை. அதுதான் வலித்தது.

நேரே மணியம் அண்ணனிடம் போய், பந்து அங்கே வளையாத கதையைச் சொன்னேன்.

“அலமாக்! உனக்குத் தெரியாதா? அந்த மேசைக்கு ஒரு கால் இறங்கிப் போச்சு. வர்றவங்களுக்குத் தெரியாது, தோக்குறாங்க. நீ தினம் ஆடி ஆடிப் பழகிட்ட!”

இதில் கூத்து என்ன தெரியுமா? ஃபேக்டரியில் என் வேலையே, மெஷின்கள் சாயாமல் நிற்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுதான்! மயிரிழை சாய்ந்தாலும் சத்தம் போடுவேன். அதே சாய்வு நம் பக்கம் இருந்தால்..? திறமை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். நீங்கள் மட்டும் என்னவாம்?

வீட்டுக்கு வந்தும் ஆசை விடவில்லை.

“தோத்துட்டேன்தான் வசந்தி. ஆனா போட்டியெல்லாம் நம்ம மணியம் அண்ணன் மேசையிலேயே வச்சாங்கன்னா, என்னை ஜெயிக்க ஆளே கிடையாது. கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்...”

அவள் யோசிக்கவில்லை.

“யூனிஃபார்ம் அயர்ன் பண்ணி வச்சிருக்கேன்.”