அம்மா சாமிக்குக் கொடுத்த என் பந்து

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பந்தை அம்மா அண்ணாமலையாருக்குக் கொடுத்துவிட்டாள். முட்டி சரியான பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கூடைப்பந்து மைதானம் வெறும் சிமெண்ட் தரை. வலை இல்லாத வளையம், அதற்குப் பின்னால் மலை. மாவட்ட அணியில் என்னைச் சேர்த்த வருடம் அது. “குட்டைப் பொண்ணு இன்னா எகிறு எகிறுது பாரு” என்று எதிரணியே சொல்லும். தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்திதான். ஒரு மேட்சில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எகிறினேன். இறங்கும்போது முட்டி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். உள்ளே ஜவ்வு அறுந்துவிட்டது. வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள்.

அதன் பிறகு, கக்கூசுக்குப் போவதற்குக்கூட அம்மாவின் தோள் வேண்டும். காலுக்குப் பலம் வர, பழைய தலையணை உறையில் மணலைக் கொட்டிக் கணுக்காலில் கட்டிவிட்டு, காப்பி டம்ளரோடு எதிரில் உட்காருவாள். “தூக்குடி. சாப்ட்டது எல்லாம் எங்க போவுது?” அம்மாவுக்குக் காப்பி என்றால் உயிர். காலையில் முதல் டம்ளர் உள்ளே போகும்வரை அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. அப்பா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார்.

அடுத்த சீசனுக்கு முன்னால் டாக்டர் விளையாடலாம் என்று சொல்லிவிட்டார். அணித் தேர்வும் நெருங்கிவிட்டது. ஷூவைத் துவைத்து வெயிலில் வைத்தேன்.

“அத எடுத்துப் பரண் மேல போடு” என்றாள் அம்மா. “ஆபரேஷன் அன்னைக்கு வேண்டிக்கிட்டேன். எம்பொண்ணு கால ஊனி நடந்தா போதும், பந்த விட்டுடறோம்னு.”

“விட்டுடறோமா? நீ எப்பம்மா பந்து ஆடுன?”

அப்பா சிரித்துவிட்டார்.

“சிரிங்க. சாமி குத்தம் ஆயி மறுபடியும் முட்டி போனா, நீங்களா தூக்கப் போறீங்க?” சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அவளுக்குப் பயம். எனக்கோ கோபம்.

“உன் சாமிகிட்ட நானே பேசிக்கிறேன்” என்று கத்தினேன்.

மறுநாள் விடியும்போது செருப்பில்லாமல் கிளம்பினேன். எங்கள் ஊரில் கோபம் வந்தாலும் மலையைத்தான் சுற்றுவோம். திரும்பிப் பார்த்தால், அடுப்புகூடப் பற்றவைக்காமல் அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

பாதி வழியில், அடி அண்ணாமலை கோயில் வாசலில் கால் கெஞ்சியது. படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து முட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள்.

“வலிக்குதா?”

“கம்மியாத்தான்.”

“அந்தப் பந்து இல்லாம உன்னால ஆவாதா?”

“ஆவாதும்மா.” அழுதுவிட்டேன். எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை.

அம்மா எழுந்து நேரே சன்னதிக்குப் போனாள். சொத்தைக் கத்தரிக்காயைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கும் அதே குரலில் ஆரம்பித்தாள். “வேண்டிக்கிட்டவ நானு. அவளக் கேக்கவே இல்ல. அவ பந்த அவகிட்டயே குடுத்துடு. அதுக்குப் பதிலா என் காப்பிய எடுத்துக்கோ. அவ முட்டிக்கு மட்டும் ஒண்ணும் ஆவக் கூடாது. ஆச்சுன்னா, அன்னைக்கே உன் வாசல்ல உக்காந்து குடிப்பேன், பாத்துக்கோ!”

குருக்கள் விபூதித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். வெளியே டீக்கடையில் காப்பி வாசம் ஆளைத் தூக்கியது. அம்மா மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அணியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் முதல் மேட்சில் பாதி ஆட்டம் வரை நான் எகிறவே இல்லை. பந்து மேலே போனால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. “மரமாட்டம் நிக்காதடி!” என்று தோழிகள் கத்தினார்கள். அன்றுதான் அம்மா முதல் முறையாக மேட்ச் பார்க்க வந்திருந்தாள். பார்க்க வந்தாள் என்று பேர்தான். மைதானத்தைப் பார்க்கப் பயந்து, மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. நானும் மலையைப் பார்த்துக்கொண்டே எகிறினேன். இறங்கினேன். முட்டி நின்றது. பந்து என் கையில் இருந்தது.

அந்த வருடம் அரையிறுதியில் தோற்றோம். போகட்டும். எல்லா மேட்சிலும் கடைசி விசில் வரை ஆடினேன்.

இப்போது கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பந்தைத் தொட்டே பல வருடங்கள் ஆகின்றன. பிறந்த வீட்டுக்குப் போனால் அம்மா எனக்குக் காப்பி ஆற்றிக் கொடுப்பாள். அந்த ஆவியை மட்டும் ஒரு முறை முகர்ந்துகொள்வாள்.

“நான்தான் ஆடறதே இல்லையேம்மா. இப்ப குடிச்சா இன்னா?”

“ஆடலன்னா இன்னாடி? புள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறுறியே, அது எந்த முட்டியில?”