சர்வரில் தேங்கிய மெயில்

கப்பலுக்கு ஆள் அனுப்பும் எங்கள் பாளையங்கோட்டை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பது நான்.

மெயில் வேகமாக வரட்டும் என்று மேனேஜர் சொல்ல, நேற்று சர்வரின் இரண்டு நெட்வொர்க் கார்டுகளையும் ஒன்றாக இணைத்தேன். வேகம் கூடவில்லை. மெயில்கள்தான் தேங்கிப்போயின; அது எனக்கு அப்போது தெரியவில்லை.

இன்று காலை உவரியிலிருந்து ஓர் அக்கா வந்தார்.

"எங்க வீட்டுக்காரவ போனையே காணும் தம்பி. கப்பல்ல இருந்து மெயில் எதும் வந்திருக்கா?"

"இல்லக்கா."

வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.

மதியம் சந்தேகம் வந்து இரண்டு கார்டுகளையும் மறுபடி பிரித்ததும் மெயில்கள் கொட்டின. காலையிலேயே கேப்டன் அனுப்பியதும் அதில் இருந்தது. அக்காவின் கணவருக்குத் துறைமுகத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதற்கு முன் மனைவியிடம் பேச வேண்டும் என்கிறாராம்.

உடனே கேப்டனுக்குப் போன் போட்டோம். ஆபரேஷன் முடிந்துவிட்டது. அவர் இன்னும் கண் விழிக்கவில்லை.

"என்கிட்ட பேசணும்னு கேட்டாவளா? நான் இங்கனதான இருந்தேன்."

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இப்பம் மெயில் வேகமா வருதுல்லா?"

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?