பால்போல வந்த பிளாஸ்மா

மனூபி புது இயந்திரத்தின்மேல் பழி போட்டான் என்று காபெஸ் நகரத்துப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். பொய். எங்கள் ஊர் இரத்த வங்கியில் பதினெட்டு வருஷம் தரை துடைத்தவள் நான். அன்றைக்கும் அங்கேதான் நின்றேன்.

இருபத்தாறு வருஷம் அவன் கையால்தான் இரத்தத்தைப் பிரித்தான். பையைச் சுழல் இயந்திரத்தில் சுற்றவிட்டால் சிவப்பு அடியில் தங்கும், மஞ்சள் பிளாஸ்மா மேலே நிற்கும். தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோலப் பையை எடுத்து, இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துவான். மஞ்சள், குழாய் வழியே அடுத்த பைக்கு ஏறும். சிவப்பு நெருங்கியதும் குழாயைக் கவ்வியால் இறுக்கி அடைப்பான். அதுவரை மூச்சு விடமாட்டான்.

பிறகு புதியது வந்தது. தானே சுற்றும், தானே அழுத்தும். உள்ளே ஒரு வெளிச்சக் கண், சிவப்பு வந்தால் நிறுத்தும்.

"உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க போலிருக்கே மனூபி?"

"அனுப்பட்டும் அக்கா. இத்தனை வருஷம் அடக்கின மூச்சை மொத்தமா விட்டுக்கறேன்."

ஹஜ்ஜுப் பெருநாளின் மூன்றாம் நாள் அவன் தங்கை ஷத்லியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நலம். தாய்க்கு இரத்தம் உறையவே இல்லை, போய்க்கொண்டே இருந்தது. பிளாஸ்மா வேண்டும். அவள் இரத்தப் பிரிவில் இருந்த இரண்டு பையும் காலையிலேயே தீர்ந்துவிட்டன. மனூபி சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டான். இரத்தம் தர வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய பேச்சு தானாக வந்தது: "வெறும் வயித்தோட வராதீங்க, நல்லா சாப்பிட்டுட்டு வாங்க."

மூன்று பேர் வந்தார்கள். பெருநாள் ஆட்டின் வால்கொழுப்பைச் சுட்டுத் தின்ற கை இன்னும் மணத்தது.

அவர்கள் இரத்தத்தை வைத்ததும் புது இயந்திரம் சுற்றியது, அழுத்த ஆரம்பித்தது, நின்றது. மூன்று பையிலும் பிளாஸ்மா பால்போல இருந்தது. தின்ற கொழுப்பு. வெளிச்சக் கண்ணுக்கு எதுவும் ஊடுருவித் தெரியவில்லை. மறுபடி போட்டான். மறுபடி நின்றது.

"வேற யாரையாவது கூப்பிடேன்" என்றார் எங்கள் வங்கி டாக்டர் ஹயாத்.

"யாரை டாக்டர்? ஊரே கறி தின்னுட்டு உக்காந்திருக்கு."

"அப்ப பழசை எடு. கலங்கல் கம்மியா இருக்கிற பைக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

பழைய இயந்திரம் சாமான் அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது. நானும் மனூபியும் இழுத்து எடுத்தோம். எதிரெதிர்ப் பைகள் ஒரே எடை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆடும். மூன்று பைதான் இருந்தது. நாலாவதில் தண்ணீர் நிரப்பவேண்டும்; அவன் எடை பார்க்க, நான் நிரப்பினேன். அது சுற்றி முடியக் கால்மணி நேரம்.

"சாப்பிட்டுட்டு வாங்கன்னு நான்தானே அக்கா சொன்னேன்."

"பட்டினியா வந்திருந்தா மயங்கி விழுந்திருப்பாங்க. வாயை மூடு."

அந்தக் கால்மணி நேரத்தில் அவன் திட்டியது தன்னை மட்டும்தான்.

ஒரு பை தேறியது. தங்கை பேரை எழுதி ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். வார்டு வாசலில் ஷத்லியாவின் புருஷன் நூரி சுவரைப் பார்த்து நின்றான். திரும்பவில்லை.

"எடுத்துட்டுப் போயிடு மச்சான். அவளுக்கு இனி வேண்டாம்."

திரும்பி வந்தோம். உறையவைத்தால் இன்னொருவருக்கு ஆகும் என்றார் டாக்டர், மெதுவாக. மனூபி தலையாட்டினான். பையில் ஒட்டிய பேரை நகத்தால் சுரண்டினான். ஈரக் காகிதம் முழுசாக வரவில்லை. சுரண்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் நான்தான் பையை வாங்கி உறைபெட்டிக்குள் வைத்தேன்.