ஒன்பதாவது வளைவில் காசிமாயன்

சிலமலை காசிமாயனுக்கு வயது அறுபத்தாறு. அவருடைய இடுப்புக்கு எண்பது இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடுப்பின் வயதையெல்லாம் மதிக்கிற ஆள் இல்லை அவர். திங்கட்கிழமைதோறும் விடியலில் பைக்கை உதைத்து, போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, பூப்பாறைக்கு அப்பால் இருக்கும் தன் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவருக்கு அந்த வாரமே தொடங்கும்.

மனைவி மாயக்காள் நிபந்தனை போட்டாள். "நடுவுல எறங்காமப் போயிட்டு வர முடிஞ்சா வண்டியில போங்க. எங்கயாச்சும் நின்னு இடுப்பப் புடிச்சீகன்னு காதுல விழுந்துச்சு, வண்டிய மருமகன் ஓட்டட்டும். நீங்க ஜீப்புல போங்க."

காசிமாயன் போர் ஆயத்தம் செய்தார். சீட்டின்மேல் இலவம்பஞ்சுத் தலையணையைக் கயிற்றால் கட்டினார். இடுப்பில் பெல்ட், அதன்மேல் துண்டு, அதன்மேல் ஸ்வெட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மூட்டை தானாகவே வண்டியோட்டிப் போவதுபோல் இருந்தது.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் இடுப்பு வேலைநிறுத்தம் அறிவித்தது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு இறங்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று செயின் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தார். கோளாறு வண்டியில் என்று உலகம் நினைக்கட்டுமே.

அங்கேதான் தப்புப் பண்ணினார். நின்ற வண்டியைத் தாண்டிப் போகிற வழக்கம் அந்த மலையில் கிடையாது. சிலமலையிலிருந்து தோட்டவேலைக்கு ஆளேற்றி வந்த ஜீப்பு நின்றது. டிரைவர் சின்ராசு ஸ்பானரோடு குதித்து, அவர் வாய் திறப்பதற்குள் செயின் கவரைக் கழற்றிவிட்டான்.

"ஒரு கோளாறும் இல்லையேண்ணே."

ஜீப்பிலிருந்து தோட்டவேலைக்காரி மகாராணி எட்டிப் பார்த்தாள். "செயினு நல்லாத்தேன் இருக்கு. அண்ணனுக்குத்தேன் இழுத்துக்கிருச்சு."

அவர் போடிமெட்டு ஏறுவதற்குள் செய்தி மலை இறங்கிவிட்டது. மாயக்காள் ஒரே ஒரு தவணை கொடுத்தாள்: "அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம் காசிமாயன் ஓரிடத்திலும் நிற்கவில்லை. வெற்றியோடு தோட்டம் சேர்ந்தார். வண்டியை விட்டு இறங்கத்தான் முடியவில்லை. முக்கால் மணி நேரம் சீட்டில் அமர்ந்தபடியே செடிகளை மேற்பார்வை செய்தார். "அந்தச் செடிக்கு நெழல் பத்தல" என்று அவ்வப்போது அதட்டவும் செய்தார். கடைசியில் நாலு பேர் சேர்ந்து லோடு இறக்குவதுபோல் இறக்கினார்கள். அந்த நால்வரில் மகாராணியும் ஒருத்தி. அவளிடம் போன் இருந்தது.

வண்டி பறிபோனது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். அடுத்த திங்கள் விடியலில் சாவியை மாயக்காளே எடுத்துக் கொடுத்தாள். காரணம் கேட்கிற துணிச்சல் அவருக்கு வரவில்லை.

நாலாவது வளைவில் சின்ராசுவின் ஜீப்பு அவரை முந்தி, குறுக்கே நின்றது.

"அண்ணே, எறங்குங்க. பத்து நிமிசம் நடக்கணும். அக்கா உத்தரவு."

"எனக்கு ஒண்ணும் வலிக்கலடா."

"வலிக்காதப்பவே எறங்கணுமாம். நாலு, ஒம்பது, பதினாலு, மூணு எடத்துலயும். எறங்கலைன்னா சாவிய வாங்கிட்டு வரச் சொல்லுச்சு."

காசிமாயன் இறங்கினார். முன்னே பத்தடி, பின்னே பத்தடி. ஜீப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் வேலைக்கு நேரமாவதை மறந்து பார்த்தார்கள்.

"கைய நல்லா மேல தூக்குங்கண்ணே," என்றாள் மகாராணி. "வீடியோவுல தெரியல."