நான்காவது விடையில் ஒரு நாய்

அமெரிக்காவின் டொலீடோ நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில், சனிக்கிழமை காலைகளில், கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தாள் லோர்னா ஹட்சல். இருபத்தாறு வருடம் பள்ளியில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வு என்று பெயர்தான், வாய்க்கு அது கிடைக்கவில்லை.

ஒப்புமைக் கேள்வி என்றால் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதிய இரண்டு பத்திகளைக் கொடுத்து, 'இரண்டாமவரின் நிலை கீழே உள்ளவற்றில் எதைப் போன்றது?' என்று கேட்பார்கள். ஐந்து விடைகள் இருக்கும். பத்தியில் நதி வந்தால், தண்ணீர் உள்ள விடையில் போய் விழுவார்கள் பிள்ளைகள்.

"ஆளை எடு, ஊரை எடு, பொருளை எடு. யாரு யாருக்கு என்ன செஞ்சாங்க, அது மட்டும் மிச்சம் இருக்கட்டும்" என்பாள் லோர்னா.

கடையில் விற்கும் பயிற்சிப் புத்தகம் அவளுக்கு ஆகாது. கேள்விகளை அவளே எழுதுவாள். அந்த வாரம் நான்கு தப்பு விடைகள் மளமளவென்று வந்துவிட்டன, சரியான விடைதான் வரவில்லை. அப்போதுதான் பெத்தனி கோவாக் நினைவுக்கு வந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பெண். போன சனிக்கிழமை, அப்பாவின் வண்டிக்காக வாசலில் காத்திருந்தபோது சொன்னாள்.

"அம்மா ரெண்டு வருஷம் முன்னாடி எங்கள விட்டுட்டுப் போயிட்டாங்க மிஸ். இப்ப எனக்குப் புதுக் கோட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க. சிரிச்சுப் பேசுறேன். ஆனா அவங்க சமைச்சா எனக்கு இறங்க மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்று கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவள் லோர்னாதான். சொல்லவும் இல்லை, எழுதினாள். 'நாயைக் கைவிட்டுப் போன ஒருவர் இரண்டு வருடம் கழித்துப் புதிய கழுத்துப்பட்டையோடு திரும்புகிறார். நாய் வாலை ஆட்டுகிறது. அவர் கையால் போட்டதைத் தின்ன மறுக்கிறது.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு பதமாக வெந்திருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

சனிக்கிழமை தாளைக் கொடுத்தாள். முதல் பத்தியில், நதியில் மீன் வரத்தைக் கெடுத்த தன் அணையைத் தானே இடித்துவிட்டு விழா எடுக்கிறது ஒரு கம்பெனி. இரண்டாவதில், விழாவுக்குப் போய்க் கை குலுக்கிய மீனவர், கம்பெனி பேச்சை நம்பிப் புது வலை வாங்கமாட்டேன் என்கிறார்.

"பெத்தனி, நீ சொல்லு."

பெத்தனியின் பென்சில் நான்காவது விடையில் நின்றது. நிமிரவே இல்லை.

"பி. ஏரியில கழிவு கொட்டுன ஃபாக்டரி. ரெண்டுலயும் தண்ணி இருக்கு."

ஒரு நாளும் இப்படித் தப்பு செய்யாத பெண்.

"அட, பெத்தனியே வழுக்கிட்டா" என்றான் பின்வரிசை டிரெவர். "டி, மிஸ். விட்டுட்டுப் போனவங்க பரிசோட வந்து நிக்கிறாங்க. நாய் வெளியில குழையுது, உள்ள நம்பல."

"லூசு நாய். போட்டாத் தின்னுட்டுப் போக வேண்டியதுதானே" என்றது இன்னொரு குரல். வகுப்பு சிரித்தது.

எல்லோரும் லோர்னாவைப் பார்த்தார்கள். இந்தக் கேள்வி வேண்டாம் என்று தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம்.

"டி சரி" என்றாள். பெத்தனி பி-யை அழித்துவிட்டு டி-யைக் கருப்பாக்கினாள்.

வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் ஓடிப்போய் அவளை மறித்தாள் லோர்னா. "பெத்தனி, நான் பேர் எதுவும் போடலம்மா. யாருக்கும் தெரியாது." சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சுதே மிஸ். அம்மாவ யாரோ ஒருத்தரா ஆக்குனீங்க, என்னை நாயாக்குனீங்க. மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கு."

"தப்புதான்மா. மன்னிச்சுடு."

வெளியே அவள் அப்பாவின் வண்டி ஹாரன் அடித்தது. பெத்தனி பையைத் தோளில் மாட்டினாள். தேர்வுக்கு இன்னும் மூன்றே வாரம்.

"இனிமே வரமாட்டேன் மிஸ். ஏன்னு அப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க எதுவும் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.